நீர்க்கடுப்பு: எதுவரை பொறுக்கலாம், எப்போது ஓட வேண்டும்?

இரவு எட்டரை மணிக்கு மேல், கூட்டம் கொஞ்சம் குறைந்த பிறகுதான் அந்தப் பெண்கள் மெடிக்கல் ஷாப்புக்கு வருவார்கள். பக்கத்தில் நிற்பவர் போகும்வரை தலைவலித் தைலத்தின் விலையைக் கேட்டுக்கொண்டு நின்றுவிட்டு, பிறகு குரலைத் தாழ்த்தி, "அண்ணே, சூட்டு வலிக்கு மாத்திரை இருக்கா? ரெண்டு நாளைக்குக் குடுங்க போதும்" என்பார்கள். கடைக்காரரும் மேற்கொண்டு எதுவும் கேட்பதில்லை. சிவப்புக் கோடு போட்ட அட்டையைக் கத்தரிக்கோலால் நறுக்கி, நான்கு மாத்திரைகளைப் பழுப்புக் காகித உறையில் போட்டுக் கொடுத்துவிடுவார். தமிழ்நாட்டின் எந்த ஊரிலும் இந்தக் காட்சியைப் பார்க்கலாம்.

அந்த ஒரு நிமிடத்தில் நடப்பது சின்ன விஷயமில்லை. சிறுநீர் எரிச்சலை வீட்டிலேயே பார்த்துக்கொள்ளலாமா, காலையில் டாக்டரிடம் போகலாமா, இந்த நிமிடமே ஆஸ்பத்திரிக்கு ஓட வேண்டுமா என்று மூன்றில் ஒன்றைத் தேர்ந்தெடுக்க வேண்டிய இடம் அது. காய்ச்சல் உண்டா, சர்க்கரை உண்டா, கர்ப்பமாக இருக்கிறாரா என்று யாரும் கேட்காமலேயே அந்த முடிவு எடுக்கப்பட்டுவிடுகிறது.

பெரும்பாலானவர்கள் எரிச்சல் எவ்வளவு கடுமையாக இருக்கிறது என்பதை வைத்தே முடிவெடுக்கிறார்கள். தவறு அங்கேதான் தொடங்குகிறது. உயிர் போகிற மாதிரி எரியும் சாதாரணத் தொற்று மூன்று நாள் மருந்தில் சரியாகிவிடலாம். துளி வலியும் இல்லாமல் ஒரே ஒரு முறை சிவந்து போன சிறுநீர் புற்றுநோயின் முதல் அறிகுறியாக இருக்கலாம். வலியின் அளவை விட, வலியோடு கூட வேறு என்ன வந்திருக்கிறது, வந்திருப்பது யாருக்கு என்ற இரண்டு கேள்விகள்தான் முக்கியம்.

நான்கு சென்டிமீட்டர் தூரம்

பெண்களின் சிறுநீர்க் குழாய் ஏறக்குறைய 4 செ.மீ. நீளம்தான். ஆண்களுக்கு அது சுமார் 20 செ.மீ. குடலில் நம்மோடு சமாதானமாக வாழும் ஈ.கோலை பாக்டீரியா மலத்துவாரத்திலிருந்து நகர்ந்து சிறுநீர்ப்பையை அடைய, பெண்ணின் உடலில் மிகக் குறைந்த தூரமே கடக்க வேண்டியிருக்கிறது. வாழ்நாளில் ஒருமுறையாவது இந்தத் தொற்றுக்கு ஆளாகும் பெண்கள் ஏறக்குறைய பாதிப் பேர். இதில் அசுத்தம் என்றோ ஒழுக்கம் என்றோ பேச ஒன்றுமில்லை. உடலின் அமைப்பே அப்படி. புதிதாகத் திருமணமான பெண்களுக்கு இது அடிக்கடி வருவதும் இதனால்தான். மாமியார் முகத்தைப் பார்க்கக் கூசி, வாரக்கணக்கில் பல்லைக் கடித்துக்கொண்டு இருக்க அவசியமே இல்லை.

சிறுநீர்ப்பையோடு நிற்கிற தொற்றின் அடையாளங்கள் எல்லோரும் அறிந்தவை: போகும்போது எரிச்சல், போய்விட்டு வந்த மறு நிமிடமே மறுபடி முட்டிக்கொண்டு வருவது, சொட்டுச் சொட்டாக இறங்குவது, அடிவயிற்றில் கனம். வேறு நோய் எதுவும் இல்லாத, கர்ப்பமாக இல்லாத இளம்பெண்ணுக்கு இவை லேசாக, காய்ச்சல் இல்லாமல் வந்தால், ஒரு நாள் தண்ணீரும் மோரும் இளநீரும் குடித்துப் பார்ப்பதில் தவறில்லை. சிலருக்கு அதிலேயே அடங்கிவிடும். தொப்புளில் விளக்கெண்ணெய் தடவுவதும், கால் பெருவிரல் நகத்தில் சுண்ணாம்பு வைப்பதும் கெடுதல் செய்யப்போவதில்லை. ஆனால் அவை பாக்டீரியாவைக் கொல்லாது. ஒன்று, மிஞ்சினால் இரண்டு நாள். அதற்குள் குறையவில்லை என்றாலோ, குறைந்து மறுபடி வந்தாலோ, டாக்டரைப் பார்த்தாக வேண்டும். முதன்முறையாக வந்திருப்பவர்களும், ஆறு மாதத்தில் இரண்டாவது முறையாக அவதிப்படுகிறவர்களும் அந்த ஒரு நாள்கூடக் காத்திருக்காமல் இருப்பது நல்லது.

நடுக்கம் வந்தால் கணக்கே வேறு

சிறுநீர்ப்பையில் இருந்த கிருமி மேலேறிச் சிறுநீரகத்தைத் தொட்டுவிட்டால் நிலைமை தலைகீழாக மாறும். உடம்பைத் தூக்கிப்போடும் குளிர் நடுக்கத்தோடு காய்ச்சல், விலா எலும்புக்குக் கீழே முதுகுப் பக்கத்தில் ஒரு புறமாக வலி, குமட்டல், வாந்தி. இவற்றில் ஏதாவது ஒன்று எரிச்சலோடு சேர்ந்தால், பாரசிட்டமாலைப் போட்டுக்கொண்டு விடியும்வரை பார்ப்போம் என்று படுத்துவிடக் கூடாது. சிறுநீரகத்துக்குள் நிறைய ரத்தம் பாய்வதால், அங்கிருந்து கிருமி ரத்தத்தில் கலப்பதற்கு அதிக நேரம் ஆகாது. கலந்துவிட்டால் ரத்த அழுத்தம் சரியும், மூச்சு வாங்கும், பேச்சு குழறும். அந்தக் கட்டத்தில் அழைக்க வேண்டியது 108.

அமெரிக்க நடிகை தான்யா ராபர்ட்ஸை ஜேம்ஸ்பாண்ட் படம் பார்த்தவர்களுக்குத் தெரிந்திருக்கும். 1985இல் ரோஜர் மூர் கடைசியாக ஜேம்ஸ்பாண்டாக நடித்த படத்தின் நாயகி. 2020 டிசம்பர் கடைசியில், தன் நாய்களை உலாவ அழைத்துப் போய் வந்தவர் வீட்டில் சுருண்டு விழுந்தார். 2021 ஜனவரி 4ஆம் தேதி இறந்துபோனார். சிறுநீர்ப் பாதையில் தொடங்கிய தொற்று சிறுநீரகம், பித்தப்பை, கல்லீரல் வழியாக ரத்தத்தில் பரவியதே காரணம் என்று அவருடைய தரப்பிலிருந்து சொல்லப்பட்டது. லாஸ் ஏஞ்சலீஸ் போன்ற ஊரில், மருத்துவமனைக்குப் பஞ்சமில்லாத இடத்தில் நடந்தது இது.

சர்க்கரை நோயாளிகள் இந்தப் பகுதியை இன்னொரு முறை படிக்கலாம். இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் (ஐ.சி.எம்.ஆர்.) நிதியில் நடந்து 2023இல் வெளியான நாடளாவிய ஆய்வு, இந்தியாவில் சுமார் 10 கோடிப் பேருக்குச் சர்க்கரை நோய் இருப்பதாகக் கணக்கிட்டது. சர்க்கரை கட்டுப்பாட்டில் இல்லாதவர்களுக்குச் சிறுநீரகத் தொற்று மிக வேகமாக முற்றும். கிருமிகள் வாயுவை உண்டாக்கிச் சிறுநீரகத் திசுவையே அழிக்கும் கொடிய வகை பெரும்பாலும் இவர்களைத்தான் பிடிக்கிறது. நரம்பு பாதிக்கப்பட்டிருந்தால் வலியும் சரியாகத் தெரியாது. அதனால் இவர்களுக்கு "ஒரு நாள் பார்ப்போம்" என்ற சலுகை கிடையாது. எரிச்சல் தொடங்கிய அன்றே சிறுநீர்ப் பரிசோதனை செய்துவிட வேண்டும். டாபாக்ளிஃப்ளோசின், எம்பாக்ளிஃப்ளோசின் வகை மாத்திரை சாப்பிடுகிறவர்கள் இன்னொன்றையும் தெரிந்து வைத்துக்கொள்ள வேண்டும். அந்த மருந்துகள் சர்க்கரையைச் சிறுநீர் வழியாக வெளியேற்றுகின்றன. அதனால் பிறப்புறுப்பில் பூஞ்சை பிடித்து அரிப்பும் எரிச்சலும் வரலாம். அதற்கு மருந்து வேறு. தொற்று என்று நினைத்து ஆன்டிபயாட்டிக் போட்டால் பூஞ்சை இன்னும் பெருகும்.

கர்ப்பிணிகள் விஷயத்தில் விதி இன்னும் கறாரானது. சிறுநீரில் கிருமி இருந்தும் எரிச்சலே தெரியாமல் இருக்கலாம். 100 கர்ப்பிணிகளில் 2 முதல் 10 பேருக்கு இப்படி இருக்கிறது. மற்றவர்களுக்கு அறிகுறி இல்லாத கிருமியை டாக்டர்கள் பெரும்பாலும் தொடுவதில்லை. கர்ப்பிணிக்கு மட்டும் கட்டாயம் மருந்து கொடுப்பார்கள். விட்டுவைத்தால் அது சிறுநீரகத்துக்கு ஏறும் வாய்ப்பு அதிகம், குறைப்பிரசவ ஆபத்தும் கூடும். மாதாந்திரப் பரிசோதனைக்குப் போகும்போது சிறுநீர் பாட்டிலைக் கொடுத்தால் சலித்துக்கொள்ளாமல் வாங்கிக்கொள்ள வேண்டியதன் காரணம் இதுதான்.

வலியே இல்லாத சிவப்பு

1895ஆம் ஆண்டு ஜெர்மனியின் ஃபிராங்ஃபர்ட்டில் லுட்விக் ரேன் என்ற அறுவை மருத்துவர், சாயத் தொழிற்சாலைத் தொழிலாளர்கள் சிலரின் சிறுநீர்ப்பையில் கட்டிகள் வளர்ந்திருந்ததைக் கவனித்து எழுதினார். சிறுநீரில் ரத்தத்தோடு வந்தவர்கள் அவர்கள். சில சாயப் பொருட்களின் ரசாயனம் உடலுக்குள் போய், சிறுநீரில் தங்கி, பையின் உட்சுவரைப் புற்றாக்குகிறது என்பது பின்னால் உறுதியானது. இன்று அதே வேலையை அதிகம் செய்வது புகையிலை. சிறுநீர்ப்பைப் புற்றுக்கு முதன்மையான காரணம் அதுதான். பீடி, சிகரெட்டை நுரையீரலோடு மட்டும் சேர்த்துப் பேசிப் பழகிவிட்டோம். புகையின் நச்சு ரத்தத்தில் கலந்து, சிறுநீரகத்தால் வடிகட்டப்பட்டு, சிறுநீர்ப்பையில் மணிக்கணக்கில் தேங்கி நிற்கிறது.

இந்தப் புற்றின் குணம் ஏமாற்றுவது. ஒரு நாள் சிறுநீர் சிவந்து போகும். வலி இருக்காது, காய்ச்சல் இருக்காது. மறுநாள் பார்த்தால் தெளிவாகிவிடும். "சூடு, தண்ணி குடிச்சதும் சரியாப் போச்சு" என்று மனம் ஆறுதல் அடையும். இரண்டு மாதம் கழித்து மறுபடி வரும்போது கட்டி வேர்விட்டிருக்கும். நாற்பதைத் தாண்டிய யாருக்கும், குறிப்பாகப் புகைப்பவருக்கும் சாயப்பட்டறையில் வேலை பார்த்தவருக்கும், வலியில்லாமல் ஒரே ஒரு முறை ரத்தம் போனாலும் ஸ்கேனும் சிறுநீர்ப்பைக்குள் கேமரா விட்டுப் பார்க்கும் பரிசோதனையும் தேவைப்படும். அது தானாக நின்றுவிட்டது என்பது பரிசோதனையைத் தவிர்க்கக் காரணமே ஆகாது. முதல் நாள் பீட்ரூட் பொரியல் சாப்பிட்டாலோ, காசநோய்க்கு ரிஃபாம்பிசின் எடுத்துக்கொண்டாலோ நிறம் மாறுவது உண்டு. சந்தேகம் இருந்தால் சாதாரண யூரின் டெஸ்ட் ஒன்றே ரத்த அணுக்கள் இருக்கின்றனவா இல்லையா என்பதைச் சொல்லிவிடும்.

வலியோடு ரத்தம் வந்தால் பெரும்பாலும் தொற்று அல்லது கல். கத்திரி வெயில் காலத்தில் கல்லடைப்பு நோயாளிகள் வரிசைகட்டி வருவதை எந்த ஊர் ஆஸ்பத்திரியிலும் பார்க்கலாம். விலாவில் கிளம்பி அடிவயிறு, தொடை இடுக்குவரை இறங்கும் அந்த வலியில் ஆள் ஓரிடத்தில் உட்கார முடியாமல் துடிப்பார். ஐந்து மில்லிமீட்டருக்குள் உள்ள கல் பெரும்பாலும் தானாகவே இறங்கிவிடும். வாழைத்தண்டுச் சாறு குடிக்கிறவர்கள் குடிக்கட்டும். ஆனால் கல் வலியோடு காய்ச்சலும் வந்துவிட்டால் சாறு டம்ளரைக் கீழே வைத்துவிட்டுப் புறப்பட வேண்டும். அடைபட்ட சிறுநீரகத்துக்குள் சீழ் கட்டுகிறது என்று அர்த்தம். அதைச் சில மணி நேரத்துக்குள் வடித்தாக வேண்டும்.

ஆண்கள் மறைப்பது

சிறுநீர்ப் பிரச்சினையைச் சொல்லப் பெண்கள் கூச்சப்படுகிறார்கள் என்று பேசுகிறோம். அறுபது வயதுக்கு மேற்பட்ட ஆண்கள் அவர்களை விட மோசம். சிறுநீர்ப் பாதையைச் சுற்றி உட்கார்ந்திருக்கும் புராஸ்டேட் சுரப்பி இளம் வயதில் சுமார் 20 கிராம்தான் இருக்கும். வயதாக ஆகப் பெருத்து, பாதையை நெரிக்கும். போக ஆரம்பிக்கவே நேரமாவது, வேகம் குறைவது, முடிந்துவிட்டது என்று நினைத்து வேட்டியைக் கட்டிய பிறகு சொட்டுவது, இரவில் நான்கு தடவை எழுந்திருப்பது. "வயசானா அப்படித்தான்" என்று மனைவியிடமே சொல்லாமல் ஐந்து வருடம் ஓட்டுகிறவர்கள் இருக்கிறார்கள். மாத்திரையிலேயே நன்றாகக் கட்டுப்படுகிற நிலையில் வந்திருக்க வேண்டியவர்கள் அவர்கள்.

அமெரிக்கப் பாதுகாப்புச் செயலராக இருந்த லாயிட் ஆஸ்டினுக்கு 2023 டிசம்பர் 22 அன்று புராஸ்டேட் புற்றுக்கு அறுவை சிகிச்சை நடந்தது. அதன் பின்விளைவாகச் சிறுநீர்த் தொற்று வந்து, 2024 ஜனவரி 1 அன்று கடும் வலியோடு ஆம்புலன்ஸில் கொண்டுபோகப்பட்டு, மறுநாள் தீவிர சிகிச்சைப் பிரிவில் சேர்க்கப்பட்டார். உலகின் மிக வலிமையான ராணுவத்தை நிர்வகித்த அந்த மனிதர், தனக்கு என்ன நோய் என்பதை அதிபரிடம்கூட உடனே சொல்லவில்லை. சொல்லியிருக்க வேண்டும் என்று பிறகு செய்தியாளர்கள் முன் ஒப்புக்கொண்டார். அவரே அப்படி என்றால், மருமகள் துணைக்கு வந்திருக்கும் அறையில் உட்கார்ந்து "ஒண்ணுக்குச் சரியாப் போகலை" என்று டாக்டரிடம் சொல்ல நம் ஊர்ப் பெரியவர் தயங்குவது புரிந்துகொள்ளக் கூடியதே. கூட வருகிறவர்கள் ஐந்து நிமிடம் வெளியே நின்றாலே போதும்.

புராஸ்டேட் வீக்கம் உள்ளவர் சளிக்கு ஒரு மாத்திரை வாங்கிப் போட்டுவிட்டு, அன்றிரவே சிறுநீர் அடியோடு நின்றுபோய் வருவது அவசரப் பிரிவுகளுக்குப் பழகிப்போன சம்பவம். குளோர்ஃபெனிரமின், சூடோஎஃபெட்ரின் போன்ற மருந்துகள் சிறுநீர்ப்பையின் சுருங்கும் திறனைக் குறைக்கும், அல்லது அதன் வாயை இறுக்கிவிடும். முட்டிக்கொண்டு வருகிறது, அடிவயிறு உருண்டையாக வீங்கிவிட்டது, ஒரு சொட்டுகூட வரவில்லை என்றால் இன்னும் தண்ணீர் குடித்துப் பார்ப்பது மடமை. டியூப் போட்டு வெளியேற்றுவதுதான் வழி. அதற்கு எந்த நள்ளிரவானாலும் போகலாம். முதுகு வலியோடு, உட்காரும் இடம் மரத்துப்போய், கால் பலமிழந்து சிறுநீர் நின்றால் தண்டுவடத்தின் அடியில் நரம்புகள் நசுங்குகின்றன. அங்கே தாமதிக்கும் ஒவ்வொரு மணி நேரமும் நடக்கும் திறனை விலையாகக் கேட்கும்.

வானியல் அறிஞர் டைகோ பிராஹே 1601 அக்டோபரில் பிராக் நகரில் ஒரு விருந்துக்குப் போனார். நடுவில் எழுந்து போவது மரியாதை இல்லை என்று சிறுநீரை அடக்கிக்கொண்டு உட்கார்ந்திருந்தார். வீட்டுக்கு வந்தபின் சிறுநீர் வெளியேறவே மறுத்தது. பதினோரு நாள் காய்ச்சலிலும் பிதற்றலிலும் கிடந்து இறந்தார். விஷம் வைத்தார்கள் என்று நூற்றாண்டுகளாகப் பேச்சு இருந்தது. 2010இல் கல்லறையைத் திறந்து ஆராய்ந்தபோது, அவரைக் கொல்லும் அளவுக்குப் பாதரசம் எதுவும் உடலில் இல்லை என்று தெரிந்தது.

இப்படித் திடீரெனச் சிறுநீர் நின்றுபோவதற்கு நேர்மாறான இன்னொரு வகை உண்டு, சத்தமே போடாதது. சிறுநீர்ப்பை மாதக்கணக்கில் மெல்ல மெல்ல விரிந்து, வலியில்லாமல் நிரம்பியே கிடக்கும். நிரம்பி வழிவதுதான் இரவில் படுக்கையை நனைக்கும். வீட்டார் பெரியவருக்குக் கட்டுப்பாடு போய்விட்டது என்று டயப்பர் வாங்கிக் கொடுத்துவிடுவார்கள். உள்ளே சிறுநீரகங்கள் வீங்கிச் செயலிழந்துகொண்டிருக்கும். புதிதாகப் படுக்கையை நனைக்கத் தொடங்கிய முதியவருக்கு முதலில் தேவை ஒரு ஸ்கேனும் கிரியாட்டினின் பரிசோதனையும்.

சொல்லத் தெரியாதவர்கள்

இரண்டு வயதுக்குட்பட்ட குழந்தைக்குச் சளி, இருமல், வயிற்றுப்போக்கு எதுவும் இல்லாமல் காய்ச்சல் மட்டும் அடிக்கிறது என்றால் சிறுநீரைப் பரிசோதிக்காமல் விடக் கூடாது. மூன்று மாதத்துக்குட்பட்ட குழந்தை என்றால் காய்ச்சலே அவசரம்தான். ஆண் குழந்தை சிறுநீர் கழிக்கும்போது வேகமாகப் பீய்ச்சாமல் எப்போதும் சொட்டுச் சொட்டாகவே வந்தால், பிறவியிலேயே பாதையில் ஒரு சவ்வு மறித்திருக்கக் கூடும். பாட்டிமார்கள் இதை முதலில் கவனித்துவிடுகிறார்கள். அவர்கள் சொன்னால் கேட்க வேண்டும். இரவில் நனைப்பதை நிறுத்திவிட்ட பிள்ளை திடீரென மறுபடி நனைத்து, தாகமும் மெலிவும் கூடியிருந்தால் அன்றே சர்க்கரை பார்க்க வேண்டும்.

எண்பது வயது ஆச்சி ஒருநாள் திடீரென ஆளை மாற்றிக் கூப்பிடுகிறார், சாப்பாட்டைத் தள்ளுகிறார், தூங்கியபடியே கிடக்கிறார் என்றால் தொற்று உடல் முழுக்கப் பரவியிருக்கலாம். வயதானவர்களுக்குக் காய்ச்சல் வராமலேயே இது நடக்கும். அதே சமயம், சிறுநீர் நாறுகிறது என்ற ஒன்றுக்காகவே ஆன்டிபயாட்டிக் தேவையில்லை.

குடிக்காத தண்ணீர்

கோழிக்கோட்டின் மிட்டாய்த் தெருவில் கடைகளில் வேலை பார்த்த பெண்கள் காலையில் வீட்டை விட்டுக் கிளம்பினால் இரவுவரை தண்ணீர் குடிக்க மாட்டார்கள். போவதற்குக் கழிப்பறை இல்லை. சிறுநீர்த் தொற்று அவர்களுக்கு வேலையோடு சேர்ந்து வந்த நோய். தையல் தொழிலாளியான விஜி 'பெண்கூட்டு' என்ற அமைப்பைத் திரட்டி முதலில் கழிப்பறைக்கும் பிறகு உட்காரும் உரிமைக்கும் போராடினார். 2018இல் கேரளம் சட்டத்தைத் திருத்தியது. அதே ஆண்டு பி.பி.சி.யின் உலகின் நூறு பெண்கள் பட்டியலில் அவர் பெயர் இடம்பெற்றது. 2021இல் தமிழ்நாடும் கடைகள் மற்றும் நிறுவனங்கள் சட்டத்தைத் திருத்தி, நின்றுகொண்டே வேலை பார்ப்பவர்களுக்கு இருக்கை தர வேண்டும் என்றது.

இருக்கை சட்டத்துக்குள் வந்துவிட்டது. சுத்தமான, தாழ்ப்பாள் போட முடிகிற, தண்ணீர் வருகிற கழிப்பறை இன்னும் பல கடைகளில், பல பள்ளிகளில், பல பேருந்து நிலையங்களில் வரவில்லை. அடிக்கடி தொற்று வருகிற பெண்ணிடம் "நிறையத் தண்ணி குடிங்க, அடக்கி வைக்காதீங்க" என்று டாக்டர் சொல்வது முழுக்கச் சரி. தேங்கி நிற்கும் சிறுநீரில்தான் பாக்டீரியா பெருகும். ஆனால் அவர் வேலை பார்க்கும் கடையின் முதலாளியும் கேட்க வேண்டிய அறிவுரை அது.

மாத்திரைக்கு முன்னால் பாட்டில்

நறுக்கிய அட்டையில் மருந்தின் பெயர் பாதிதான் இருக்கும். நான்கு மாத்திரையில் எரிச்சல் அடங்கி, பத்து நாளில் திரும்பி வரும்போது எதைச் சாப்பிட்டோம் என்று நோயாளிக்கே தெரியாது. தப்பிப் பிழைத்த கிருமிக்கு அந்த மருந்து பழகியிருக்கும். மருத்துவமனைகளுக்கு வரும் ஈ.கோலை கிருமிகளில் பெரும்பாலானவை சிப்ரோஃப்ளாக்சசின் குடும்பத்து மருந்துகளுக்கு இப்போது அடங்குவதில்லை என்பதை ஐ.சி.எம்.ஆர். அறிக்கைகள் ஆண்டுதோறும் காட்டிவருகின்றன. செஃபிக்ஸிம் உட்படப் பல மருந்துகளை டாக்டர் சீட்டு இல்லாமல் விற்கக் கூடாது, விற்றால் தனிப் பதிவேட்டில் எழுதி மூன்று ஆண்டு வைத்திருக்க வேண்டும் என்ற விதி 2014 மார்ச்சிலிருந்து இருக்கிறது. அட்டையின் மேல் உள்ள சிவப்புக் கோட்டின் பொருளை மக்களுக்குச் சொல்ல மத்திய சுகாதார அமைச்சகம் 2016இல் பிரசாரமே நடத்தியது.

சிக்கலான தொற்றுக்கும், திரும்பத் திரும்ப வரும் தொற்றுக்கும் முதல் மாத்திரையை விழுங்குவதற்கு முன்பே யூரின் கல்ச்சருக்குக் கொடுக்க வேண்டும். பெண்கள் கழுவிக்கொண்டு, முதலில் வருவதை விட்டுவிட்டு, நடுவில் வருவதை மட்டும் லேப் கொடுக்கும் கிருமி நீக்கிய டப்பாவில் பிடிப்பது முக்கியம். வீட்டு ஹார்லிக்ஸ் பாட்டில் உதவாது. இரண்டு மணி நேரத்துக்குள் லேபுக்குப் போய்விட வேண்டும். முடிவு வர இரண்டு மூன்று நாள் ஆகும். எந்தக் கிருமி, எந்த மருந்துக்கு அடங்கும் என்று அது எழுதிக் காட்டும். சீழ் அணுக்கள் ஏராளமாக இருந்தும் கல்ச்சரில் எதுவும் வளரவில்லை என்று திரும்பத் திரும்ப வந்தால், நம் நாட்டில் சிறுநீரகக் காசநோயையும் நினைக்க வேண்டும். சாதாரண கல்ச்சரில் அது வளராது.

முதலில் யாரிடம் போவது என்ற குழப்பத்திலேயே பலர் நாளைக் கடத்துகிறார்கள். ஆரம்ப சுகாதார நிலையமோ குடும்ப டாக்டரோ போதும். தேவைப்பட்டால் அடைப்பு, கல், ரத்தம் என்றால் யூராலஜிஸ்டிடமும், முகமும் காலும் வீங்கி நுரையாகப் போகிறது, அளவு மிகவும் குறைந்துவிட்டது என்றால் நெஃப்ராலஜிஸ்டிடமும் அவர்களே அனுப்புவார்கள். அவசரம் இல்லாமல் அடிக்கடி போவதோ இரவில் எழுந்திருப்பதோதான் தொல்லை என்றால், போகும் முன் மூன்று நாள் ஒரு காகிதத்தில் எழுதி வைக்கலாம்: எத்தனை மணிக்குப் போனது, அளவுக் கோப்பையில் பிடித்தால் எத்தனை மில்லி, எப்போது எவ்வளவு குடித்தது. 24 மணி நேரத்தில் மூன்று லிட்டருக்கு மேல் போயிருந்தால் டாக்டரின் கேள்வி சர்க்கரை பக்கம் திரும்பும். தடவைக்கு 100 மில்லி வீதம் பதினைந்து தடவை என்றால் சிறுநீர்ப்பை பக்கமோ புராஸ்டேட் பக்கமோ திரும்பும். இரவில் மட்டும் லிட்டர் கணக்கில் என்றால் இதயம், கால் வீக்கம், தூக்கத்தில் குறட்டை பற்றி விசாரிப்பார்.